அடுத்தடுத்த சாயல்களைக் கண் எவ்வளவு பிரிக்கிறது: சொந்தத் திரையில் சோதிக்கும் முறை

மானிட்டர் பெட்டியில் "1.67 கோடி நிறங்கள்" என்று அச்சிட்டிருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216. கணினி அனுப்பக்கூடிய எண்களின் கணக்கு இது. அனுப்பியது எல்லாம் திரையில் தனித்தனியாக விழுகிறதா, விழுந்தாலும் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். அதற்குக் கிம்ப் அல்லது கிரிட்டா போன்ற இலவச மென்பொருள், ஒன்றிரண்டு மணி நேரம், பக்கத்தில் உட்கார்ந்து விடைகளைக் குறிக்க ஒருவர் இருந்தால் போதும்.

இரண்டு சாயல்கள் ஒன்றாகத் தெரிந்தால் உடனே கண்மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு திரை அமைப்பிலோ படக் கோப்பிலோ இருக்கும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் கணிசமான இடத்தைத் திரையைத் தயார் செய்வதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

முதலில் கொஞ்சம் கணக்கு

வெளிச்சத்தில் கண் கவனிப்பது விகிதத்தை. 100 நிட் (ஒளிர்வை அளக்கும் அலகு) ஒளிரும் பரப்பில் 1 நிட் கூடினால் தெரிகிறது என்றால், 50 நிட் பரப்பில் அரை நிட் கூடினாலே தெரியும். நல்ல வெளிச்சத்தில் இரண்டு பெரிய பரப்புகள் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கும்போது, ஏறத்தாழ 1% மாற்றம் வரை கண் பிடித்துவிடும். வெளிச்சம் மிகவும் குறைந்துவிட்டால் இந்தத் திறமையும் குறையும். அங்கே 1% போதாது.

இணையத்திலும் சாதாரண மானிட்டர்களிலும் புழங்குவது எஸ்ஆர்ஜிபி என்ற நிற எண்முறை. 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்தது. 1999இல் சர்வதேசத் தரமானது. இதில் படிகள் இருட்டுப் பக்கம் நெருக்கமாகவும் வெளிச்சப் பக்கம் அகலமாகவும் அமைந்திருக்கின்றன. சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு படி ஏறும்போது ஒளிர்வு எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். 254இலிருந்து 255க்குப் போனால் 0.9%. 128இலிருந்து 129க்கு 1.7%. 20இலிருந்து 21க்கு 7%.

கணக்குப்படி இருட்டுப் பக்கத்துப் படிகள்தான் பளிச்சென்று தெரிய வேண்டும். நடைமுறையில் அங்கேதான் முதலில் மறைகின்றன. வெள்ளை 120 நிட் இருக்கும் திரையில் 20ஆம் படி 0.84 நிட்டும் 21ஆம் படி 0.90 நிட்டும் ஒளிரும். அறை விளக்கின் வெளிச்சம் திரைக் கண்ணாடியில் பட்டு 1.2 நிட் திரும்பி வந்தால் அவை 2.04, 2.10 ஆகிவிடும், 7% வேறுபாடு 3% ஆகச் சுருங்கும். ஜன்னல் வெளிச்சம் விழுந்து 5 நிட் சேர்ந்தால் மிஞ்சுவது 1%தான். கண் மாறவில்லை, கோப்பும் மாறவில்லை. திரைச்சீலையை இழுத்து விட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மூன்று நிறங்களும் ஒளிர்வுக்குச் சமமாகப் பங்களிப்பதில்லை என்பதும் முக்கியம். எஸ்ஆர்ஜிபியில் பச்சையின் பங்கு 71.5%, சிவப்பு 21.3%, நீலம் வெறும் 7.2%. நடுச் சாம்பலில் பச்சையை ஒரு படி ஏற்றினால் ஒளிர்வு 1.2% கூடும், நீலத்தை ஒரு படி ஏற்றினால் 0.12%. "ஒரு படி வேறுபாடு தெரியுமா?" என்று யாராவது கேட்டால், எந்த நிறத்தில், எந்த உயரத்தில் என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

திரையைத் தயார் செய்தல்

மானிட்டரைப் போட்டு அரை மணி நேரம் ஓட விடுங்கள். ஒளிர்வும் நிறமும் அதற்குள் நிலைப்பட்டுவிடும். இரவு நேர மஞ்சள் அமைப்பு, அறை வெளிச்சத்துக்கேற்ப நிறம் மாற்றும் வசதி, தானியங்கிப் பிரைட்னஸ், டைனமிக் கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் அணைத்து விடுங்கள். மானிட்டரின் பட முறையில் எஸ்ஆர்ஜிபி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். "விவிட்", "கேம்" போன்றவை படிகளைத் தம் இஷ்டத்துக்கு வளைப்பவை. ரெசல்யூஷன் திரையின் சொந்த அளவில் இருக்க வேண்டும்.

பிரைட்னஸ் 80 முதல் 120 நிட்டுக்குள் இருக்கட்டும். அளக்கக் கருவி இல்லையென்றால், வேலை செய்யும் அறை வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளும் ஒரே அளவு பிரகாசமாகத் தெரியும்வரை குறைத்து வாருங்கள். விளக்கு திரைமேலும் நேராக விழக்கூடாது, உங்கள் கண்ணிலும் அடிக்கக்கூடாது.

அடுத்து, படிகள் எங்காவது வெட்டப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். கருப்புப் பின்னணியில் 1 முதல் 16 வரையிலான சாம்பல் சதுரங்களையும், வெள்ளைப் பின்னணியில் 254 முதல் 240 வரையிலான சதுரங்களையும் வரையுங்கள். வெள்ளைப் பக்கம் 250க்கு மேல் எல்லாம் ஒன்றாகிவிட்டால் கான்ட்ராஸ்ட் அளவு கூடுதலாக இருக்கிறது; ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கருப்பில் 1 முதல் 16 வரை மொத்தமாகவும், வெள்ளையில் 235க்கு மேல் மொத்தமாகவும் காணாமல் போனால் அது வேறு கோளாறு. ஹெச்டிஎம்ஐ கேபிளில் தொலைக்காட்சிக்கான 16–235 வரம்பு, கணினிக்கான 0–255 வரம்பு என்று இரண்டு உண்டு. கணினி முழு வரம்பை அனுப்ப, மானிட்டர் குறுகிய வரம்பை எதிர்பார்த்தால் இரு முனைகளும் வெட்டுப்படும். தலைகீழாக நடந்தால் கருப்பு சாம்பலாக வெளிறும். கிராபிக்ஸ் டிரைவரிலும் மானிட்டர் மெனுவிலும் ஒரே வரம்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். தொலைக்காட்சிப் பெட்டியைக் கணினித் திரையாக வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

காமாவை, அதாவது படி எண் எவ்வளவு வெளிச்சமாக மாறுகிறது என்ற வளைவை, ஒரு எளிய படத்தால் சரிபார்க்கலாம். ஒரு பிக்சல் உயரமுள்ள கருப்பு, வெள்ளைக் கிடைக்கோடுகளை மாற்றி மாற்றி வரைந்து, நடுவில் 188 மதிப்புள்ள சாம்பல் சதுரம் ஒன்றை வையுங்கள். படத்தைச் சரியாக 100% அளவில் வைத்துச் சில அடிகள் தள்ளி நின்று பாருங்கள். கோடுகளின் சராசரி வெளிச்சம் வெள்ளையில் பாதி. எஸ்ஆர்ஜிபியில் பாதி வெளிச்சத்தின் எண் 188. சதுரம் கோடுகளோடு கலந்து மறைந்தால் காமா சரி. இதை 128 என்று நினைத்துக்கொண்டு சோதித்து, திரை கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய.

கடைசியாக, திரை உண்மையில் 256 படிகளைக் காட்டுகிறதா? 1920 பிக்சல் அகலத்தில் 0 முதல் 255 வரை சாம்பல் சாய்வு ஒன்றை, டிதரிங் (படிகளின் எல்லையில் புள்ளிகளைக் கலந்து மழுப்பும் வசதி) இல்லாமல் நிரப்புங்கள். ஒவ்வொரு படியும் ஏழெட்டுப் பிக்சல் அகலம் வர வேண்டும். 30 பிக்சல் அகலப் பட்டைகள் வந்தால் திரை 6 பிட், அதாவது 64 படிதான் காட்டுகிறது. மலிவான பல திரைகள் 6 பிட்டை வைத்துக்கொண்டு, இடைப்பட்ட படிகளை இரண்டு படிகளுக்கு நடுவே வேகமாக மாறி மாறிக் காட்டிச் சமாளிக்கும். இருண்ட சாம்பலில் மெல்லிய நடுக்கம் மாதிரி தெரிந்தால் அதுதான் காரணம். பட்டைகள் ஒழுங்கின்றி, சில அகலமாகவும் சில குறுகலாகவும் இருந்தால் கலர் புரொஃபைலை, அதாவது திரையின் நிறத்தைத் திருத்தும் கோப்பை, சந்தேகியுங்கள். அளவுதிருத்தத்தில் நீலத்தின் உச்சத்தை 255இலிருந்து 220க்கு இறக்கியிருந்தால், 256 எண்களை 221 இடங்களுக்குள் திணிக்க வேண்டும். சில ஜோடிகள் ஒன்றாகிவிடும். அந்த ஜோடியை எந்தக் கண்ணாலும் பிரிக்க முடியாது.

சோதனைப் படங்கள்

கிம்பில் 1920 × 1080 அளவில், 8 பிட் முழுவெண் துல்லியத்தில் புதிய படம் திறந்து, நிறத் தேர்வில் 0–255 அளவுகோலை அழுத்திக்கொண்டு பின்னணியை 128, 128, 128 என நிரப்புங்கள். அளவுகோல் 0–100இல் இருக்கும்போது 50 என்று கொடுத்தால் கிடைப்பது 127.5, அது எந்தப் பக்கம் உருளும் என்பதை நம்பி ஒரு படி வேறுபாட்டைச் சோதிக்க முடியாது.

நடுவில் நான்கு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மேல் இடது, மேல் வலது, கீழ் இடது, கீழ் வலது. ஒவ்வொன்றும் 150 பிக்சல் சதுரம். சதுரங்களுக்கு நடுவே 80 பிக்சல் இடைவெளி. 24 அங்குல முழு எச்டி திரையில் ஒரு பிக்சல் 0.277 மில்லிமீட்டர். 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 150 பிக்சல் என்பது ஏறத்தாழ 4 டிகிரிக் கோணம், கண்ணின் நடுப்பார்வைக்குத் தாராளமான அளவு. ஒவ்வொரு படத்திலும் இந்த நான்கில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சற்று வேறான சாம்பலை நிரப்ப வேண்டும். செவ்வகத் தேர்வில் ஓரத்தை மென்மையாக்கும் வசதியை அணைத்திருக்க வேண்டும். ஓரம் மழுங்கினால் சோதனையே வேறாகிவிடும், ஏனென்றால் கூரான எல்லைக்கோடுதான் கண்ணுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய துப்பு.

பின்னணியைவிட 1, 2, 3, 4, 6, 8 படிகள் கூடுதலாக ஆறு வகை. ஒவ்வொன்றுக்கும் நான்கு இடங்கள். மொத்தம் 24 படங்கள். பிஎன்ஜியாகச் சேமித்து, மறுபடி திறந்து நிறம் எடுக்கும் கருவியால் எண்களைச் சரிபாருங்கள். ஜேபெக் கூடாது. அது இப்படிப்பட்ட சின்ன வேறுபாடுகளைத் தேவையற்றதென்று தூக்கி எறியவே வடிவமைக்கப்பட்டது. நிறத் தகவலைப் பெரும்பாலும் கால்வாசிப் புள்ளிகளுக்கு மட்டுமே சேமிக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினாலும் மறுபடி சுருக்கப்பட்டுவிடும்.

சோதனையை நடத்துதல்

"தெரிகிறதா?" என்று கேட்டால் மனம் இல்லாததையும் பார்க்கும். "எந்த மூலை?" என்று கேட்டு, தெரியாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் நாலில் ஒன்று சரியாகும். 24 படங்களையும் ஐந்து முறை, வரிசை கலைத்து, முழுத் திரையில், 100% அளவில் காட்டுங்கள். ஒவ்வொரு படி வேறுபாட்டுக்கும் 20 விடைகள் சேரும். விடைகளைக் குறிப்பவர் சரியா தவறா என்று சொல்லக்கூடாது. கோப்புப் பெயர் திரையில் வரக்கூடாது.

ஒவ்வொரு படத்தையும் இரண்டு விநாடி காட்டி, நடுவில் வெறும் 128 சாம்பல் திரையை ஒரு விநாடி வையுங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் மெல்லிய வேறுபாடு கண்ணெதிரே கரைந்து போகும். அசையாத பார்வைக்கு விழித்திரை பழகிவிடுவதால் வருவது இது. கண்ணை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 40 படங்களுக்கு ஒரு முறை ஓய்வு.

எண்ணிக்கையைப் படிப்பது எளிது. 20இல் 5 வெறும் அதிர்ஷ்டம். குருட்டாம்போக்கில் 9 அல்லது அதற்கு மேல் சரியாகும் வாய்ப்பு ஏறத்தாழ 4%தான். ஆகவே 9 கிடைத்தால் ஏதோ தெரிகிறது என்று கொள்ளலாம். 13ஐத் தாண்டும் படிதான் உங்கள் எல்லை. நல்ல திரையில், மங்கிய அறையில், நடுச் சாம்பலில் ஒரு படியையே பிடிப்பது அதிசயமில்லை. விடைகள் எப்போதும் ஒரே மூலைக்குச் சாய்ந்தால் திரையைச் சந்தேகியுங்கள். பல திரைகள் நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் இருக்கும். டிஎன் வகை மடிக்கணினித் திரையில் தலையைச் சற்று உயர்த்தினாலே மேல்பாதியும் கீழ்பாதியும் வேறு சாம்பலாகிவிடும். அதில் இந்தச் சோதனை செய்வது வீண்.

இதே சோதனையைப் பின்னணியை 60ஆக இறக்கி, நான்கு இடங்களிலும் சதுரம் வைத்து, மூன்றை 128ஆகவும் ஒன்றை மட்டும் 129, 130 என்றும் மாற்றிச் செய்து பாருங்கள். இப்போது ஒப்பிட வேண்டிய சாயல்கள் ஒன்றையொன்று தொடவில்லை. இரண்டு தீவுகளை ஒப்பிடுவது போல, கண் இடைவெளியைத் தாண்டித் தாண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் எல்லை தெளிவாக மேலே ஏறும். இந்த இரண்டு எண்களும்தான் பிற்பாடு வேலைக்கு ஆகும்.

ஒரு படிக்கும் கீழே

ஒரு படியிலேயே 20க்கு 20 வாங்குபவரின் எல்லை அதற்கும் கீழே இருக்கிறது. 8 பிட் திரையில் அதை அளக்க அழகான வழி உண்டு. மூன்று நிறங்களையும் சேர்ந்து ஏற்றாமல் தனித்தனியாக ஏற்ற வேண்டும். 128, 128, 128ஐ அடிப்படையாக வைத்தால், நீலம் மட்டும் ஒரு படி ஏறினால் ஒளிர்வு 0.12% கூடும், சிவப்பு மட்டும் 0.36%, சிவப்பும் நீலமும் 0.48%, பச்சை மட்டும் 1.2%, பச்சையும் நீலமும் 1.3%, பச்சையும் சிவப்பும் 1.6%, மூன்றும் ஏறினால் முழு 1.7%. ஒரு படிக்குள் ஏழு உள்படிகள். நிறச் சாயை மிகக் குறைவாக வருவதால் கண் பெரும்பாலும் வெளிச்சத்தையே பார்க்கும். 1992இல் பார்வை ஆய்வாளர் கிறிஸ்டோபர் டைலரும் அவரோடு பணியாற்றியவர்களும் இதை வெளியிட்டபோது, 8 பிட் வண்ண மானிட்டரிலிருந்து 1786 சாம்பல் படிகள் பெறலாம் என்று காட்டினார்கள்: 255 இடைவெளிகள், ஒவ்வொன்றிலும் ஏழு, கூட ஒன்று. மாறி மாறிக் காட்டிச் சமாளிக்கும் 6 பிட் திரையில் இந்த முறையை நம்ப வேண்டாம்.

நிறச் சாயல்கள்

சாம்பலுக்கு வெளியே போனதும் ஒரே எண்ணால் எல்லை சொல்வது கடினம். 1942இல் இயற்பியலாளர் மேக்ஆடம், ஒரே பார்வையாளரை வைத்து 25 நிறங்களைச் சுற்றி அளந்தார். கண் பிரிக்க முடியாத பகுதி ஒவ்வொரு நிறத்தைச் சுற்றியும் ஒரு நீள்வட்டமாக வந்தது; பச்சைப் பக்கம் பெரிதாகவும் நீலப் பக்கம் சிறிதாகவும், ஒவ்வொன்றும் வேறு வேறு திசையில் சாய்ந்தும் இருந்தன. அதைச் சமன்படுத்தும் முயற்சிதான் சர்வதேச ஒளியூட்டல் ஆணையத்தின் (சிஐஇ) 1976 லேப் கணக்கும், நிற வேறுபாட்டைச் சொல்லும் டெல்டா ஈ எண்ணும். அந்தப் பழைய சூத்திரத்தில் 2.3ஐக் கண்ணின் எல்லையாகச் சொல்வது வழக்கம். அப்படியே நம்பாதீர்கள். 128க்கும் 129க்கும் டெல்டா ஈ 0.4தான், ஒட்டி நின்றால் அது தெரியும். ஆழ்ந்த நீலத்திலோ ஆழ்ந்த சிவப்பிலோ 2.3 இருந்தும் தெரியாமல் போகலாம். கணக்கு போட்டே ஆக வேண்டுமென்றால் 2000ஆம் ஆண்டுச் சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள். அடர்ந்த நிறங்களில் அது உண்மைக்கு நெருக்கம்.

பொருளின் அளவும் முடிவை மாற்றும். வெளிச்ச வேறுபாடு மெல்லிய கோட்டிலும் தெரியும். வெறும் நிற வேறுபாட்டுக்குப் பரப்பு வேண்டும். நீலத்தில் இது இன்னும் கடுமை, ஏனென்றால் பார்வையின் நட்டநடுவே, ஏறத்தாழ மூன்றிலொரு டிகிரிப் பரப்பில், நீலத்தை உணரும் கூம்பு செல்கள் கிட்டத்தட்ட இல்லை. 60 சென்டிமீட்டரில் அது 3.5 மில்லிமீட்டர், முன்பு சொன்ன திரையில் 13 பிக்சல். மென்பொருளில் நிலை காட்ட 12 பிக்சல் புள்ளி வைத்து, அடர்நீலத்துக்கும் கருப்புக்கும் அல்லது வெளிர்மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். புள்ளியைப் பெரிதாக்குங்கள் அல்லது வெளிச்ச வேறுபாட்டையும் சேருங்கள்.

வயது ஏற ஏற விழிலென்ஸ் மஞ்சளாகும். நீலப் பக்கத்துச் சாயல்கள் முதலில் கலங்கும். சிவப்பு–பச்சை பிரிப்பதில் பிறவிக் குறை ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8% பேருக்கும் பெண்களில் அரை சதவீதம் பேருக்கும் உண்டு. உங்களுக்கு அந்தச் சந்தேகம் இருந்தால் திரையில் பார்க்கும் எண் படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். அச்சிட்ட இஷிஹாரா தகடுகளும், 85 வண்ண மூடிகளை வரிசைப்படுத்தும் ஃபார்ன்ஸ்வொர்த்–மன்செல் சோதனையும் கண் மருத்துவரிடம் உண்டு. திரையின் நிறம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், அச்சுத் தகட்டின் நிறம் கட்டுப்படுத்தப்பட்டது.

வேலையில் பயன்படுத்துவது

அட்டவணையில் ஒன்றுவிட்டு ஒரு வரிக்குப் பின்னணி போடும்போது 255க்குப் பக்கத்தில் 250 வைப்பது வழக்கமாகிவிட்டது. ஒளிர்வில் 4.4% வேறுபாடு, வடிவமைப்பவரின் நல்ல மானிட்டரில் அழகாகத் தெரியும். கான்ட்ராஸ்ட் கூடிய அலுவலக மானிட்டரிலும் விளக்கெரியும் அறையில் புரொஜெக்டரிலும் காணாமல் போகும். 245 வைத்தால் 8.7%, 240க்கு இறங்கினால் இன்னும் நல்லது. பட்டை இல்லாமல் ஒரு பிக்சல் கோடு போடுவதென்றால் அதைவிட அடர்த்தி வேண்டும்.

வரைபடத்தில் மாவட்டங்களை ஒரே நிறத்தின் அடர்த்தியால் பிரித்துக் காட்டும்போது, வாசகர் நிலப்பரப்பைப் பார்த்துவிட்டு ஓரத்திலுள்ள குறிப்புப் பெட்டிக்குக் கண்ணைக் கொண்டுபோக வேண்டும். நினைவும் நடுவில் புகுகிறது. சுற்றியுள்ள மாவட்டம் அடர்த்தியாக இருந்தால் அதே சாயல் வெளிறித் தெரியும். ஒட்டி நிற்கும்போது கிடைத்த எல்லை இங்கே உதவாது. ஐந்து சாயலுக்கு மேல் போகாதீர்கள். ஆறாவது தேவைப்பட்டால் எண்ணை மாவட்டத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.

எழுத்து நிறத்துக்குக் கண்ணைவிடக் கணக்கை நம்புங்கள். இணைய அணுகல் விதிகளின்படி சாதாரண எழுத்துக்கு 4.5:1 வேறுபாடு வேண்டும். வெள்ளையில் 118 சாம்பல் எழுத்து 4.54 பெற்றுத் தேறும். 119 சாம்பல் 4.48 பெற்றுத் தோற்கும். எழுத்தாக வரும்போது இரண்டையும் யாராலும் பிரிக்க முடியாது.

எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் மருத்துவத் திரைகளுக்கு இந்தக் கண் எல்லையையே அளவுகோலாக்கியிருக்கிறார்கள். மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரத்தின் சாம்பல் வளைவு 0.05 நிட்டிலிருந்து ஏறத்தாழ 4000 நிட் வரை, கண்ணுக்குச் சரியாக ஒரு படி தெரியும்படி 1023 புள்ளிகளில் அமைந்தது. வீட்டு மானிட்டர் அந்த வளைவில் ஓடுவதில்லை. அதில் ஸ்கேன் படம் பார்த்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

ஒரே படத்தின் இரண்டு சேமிப்புகளில் நிறம் மாறியிருக்கிறதா என்ற சந்தேகம் அடிக்கடி வரும். அருகருகே வைத்துப் பார்ப்பது பலவீனமான வழி. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் அடுக்கை மறைத்து மறைத்துக் காட்டுங்கள். நடுவில் வெற்றுத் திரை வராமல் சட்டென்று மாறினால் ஓரிரு படி மாற்றம்கூடத் துடிப்பாகக் கண்ணில் படும். அதிலும் தெரியாவிட்டால் மேல் அடுக்கின் முறையை "வித்தியாசம்" என்று மாற்றி, இரண்டையும் ஒன்றாக்கி, லெவல்ஸ் கருவியில் வெள்ளை முனையை 255இலிருந்து 8க்கு இழுங்கள். ஒரு படி வேறுபாடு ஏறத்தாழ 32 ஆகப் பெருகி நிற்கும். படம் முழுக்கக் கருப்பாகவே இருந்தால் இரண்டு கோப்புகளும் ஒன்றுதான்.